எறும்பு பூந்துருச்சு, புள்ள

என் வீட்டுக்காரர் இப்போது என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிற தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் பசியாறக் கொடுத்தால் "தேங்க்யூ மிஸ்ஸி" என்கிறார். குளிக்க வைக்கப் போனால் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா மிஸ்ஸி?" என்று கேட்கிறார். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தவர். அவர் கூச்சப்படுவதைப் பார்த்து எனக்கும் கூச்சமாகிவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முதுகு தேய்த்துவிடுகிறேன்.

ஒரு நாள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. என் வீட்டுக்காரி போடுற காப்பி மாதிரி வராது."

"அவங்க எப்படிப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவ போடுவா."

அவரிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போன விஷயம். அதைக் கெடுத்தது நான். அவர் எறும்பு என்றார், நானும் எறும்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் சொல்லலாம், தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி மகள் கல்யாணம் முடிந்தது, பேத்தியும் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கேட்க வேண்டியவருக்கு என்னைத் தெரியவில்லை.

அந்த கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் உலு திராம் என்கிற ஊரில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். சுவர் பலகை, தரையும் பலகை. அவர் விடியும் முன்னால் தொழிற்சாலை பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். ரேடியோ செய்கிற தொழிற்சாலை. செய்து முடித்த ரேடியோவை வைத்துச் சரியாகப் பாடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நான் சாஆ என்கிற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். தமிழ் நன்றாக வாசிப்பேன், மலாய் சமாளிப்பேன். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்ந்து நின்றால் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் கூடையில் எதையோ துண்டு போட்டுச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"புள்ள, கைய நல்லாத் தொடச்சிட்டு வா."

மீன் என்று நினைத்து நான் சட்டியோடு போனேன். துண்டைப் பிரித்தால் கறுப்பாக ஒரு பலகை. காய் நறுக்குகிற கட்டை அளவுதான் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் ரப்பர் பொத்தான்கள். அவருடைய சீன சூப்பர்வைசர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறாராம், இதையும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய கேசட்டையும் இவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"இது என்னங்க?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்னா டிவி மாதிரி பெருசா இருக்கும்னாங்களே?"

"டிவிதான் நம்ம வீட்டுல இருக்கே. இது மூளை மட்டும்."

அஞ்சாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் சும்மா இருக்கமாட்டாள். "நல்லதாப் போச்சுப்பா. அம்மாக்கு மாட்டி விடுங்க, அங்கதான் மூளை இல்ல" என்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது பிள்ளைகள் போனில் தொட்டதும் விளையாடுகிற ஆட்டம் வந்துவிடுகிறது. அப்போது அப்படி இல்லை. சாமி பாட்டுக் கேட்கிற அதே கேசட் பெட்டியை ஒயர் போட்டு அந்தப் பலகையோடு மாட்ட வேண்டும். கேசட்டை ஓடவிட்டால் முதலில் பீ என்று ஒரே நீட்டாகக் கூவும். அப்புறம் கர்ர்ர் என்று ஒரு கத்தல். டிவியில் ஓரமெல்லாம் கோடு கோடாக நிறம் ஓடும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, உன் வீட்டில் பூனைக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டிருக்கிறார். அஞ்சு நிமிஷம் கத்தி முடித்தால்தான் ஆட்டம் வரும். அதை அவர் 'ஏறுது' என்பார். ஆட்டம் டேப்பில் இருந்து மூளைக்குள் ஏறுகிறதாம்.

அந்தக் கறுப்புப் பலகைக்குக் கரண்டு போகிற ஒயர் கொஞ்சம் லூஸ். யாராவது நடந்தால் பலகைத் தரை ஆடும், தரை ஆடினால் ஒயர் ஆடும், டிவி வெள்ளையாகிவிடும், முதலில் இருந்து ஏற்ற வேண்டும். அதனால் கூவ ஆரம்பித்ததும் அவர் வலது கையைத் தூக்குவார். விரலெல்லாம் சேர்த்து, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "ஏறுது, அசையாதீங்க." நான் கையில் கரண்டியோடு அப்படியே நிற்பேன். மகள் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வரும், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் கையை இறக்கமாட்டார். எத்தனை நாள் கருகின பருப்பைத் தின்றோம்! ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது.

எனக்கு ஒன்று வாய்த்தது. சில நாள் கழித்து, கூவுகிற சத்தத்தை வைத்தே அது ஏறுமா ஏறாதா என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சத்தம் கணீரென்று இருந்தால் ஏறும். மழுங்கலாக, போர்வைக்குள் இருந்து கத்துகிற மாதிரி இருந்தால் கடைசி நிமிஷத்தில் நின்றுவிடும். தொழிற்சாலையில் ரேடியோ பார்க்கிற மனிதர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "புள்ள, இது ஏறுமா?" என்று என்னைக் கேட்பார். "ஏறாதுங்க" என்பேன். ஏறாது. ஒரு சின்னத் திருப்புளியை வைத்துக் கேசட் பெட்டிக்குள் ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருகுவார். "இப்ப?" என்பார். நான் காதைக் கொடுத்துவிட்டு, "ம், இப்ப ஏறும்" என்பேன். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் வந்து கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

அவரும் மகளும்தான் விளையாடுவார்கள். தவளை ரோட்டைத் தாண்டுகிற ஆட்டம், மேலே இருந்து கல் விழுகிற ஆட்டம், இன்னும் நாலைந்து. இங்கிலீஷ் பெயரெல்லாம் எனக்கு வாயில் வராது, நாங்கள் வைத்த பெயர்தான். எனக்குப் பிடித்தது சாவிக்காரன். ஒரு குட்டி ஆள், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு குகைக்குள் ஏணி ஏறி இறங்கி சாவி பொறுக்குவான். சாவியெல்லாம் பொறுக்கினால் கதவு திறக்கும், அடுத்த குகை. என் அப்பா விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் பால்மரம் வெட்டப் போவார். அதனாலோ என்னவோ, அந்தக் குட்டி ஆள் விழுந்தால் எனக்குத் தாங்காது. ஆனால் நானும் விளையாடுகிறேன் என்று கேட்கவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் திரும்பிப் பார்த்தால் உள்ளே போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேசட்டையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கேசட்டில் நாலு ஆட்டம், அஞ்சு ஆட்டம் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் டேப் இருந்தது. அந்த இடத்தில் இவர் வாயைக் கிட்டே வைத்துப் பேசிப் பதிந்தார். நான் வெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். யாரோடு பேசுகிறார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"இந்தா புள்ள. இது தவளை. சத்தத்த ஆறுல வை."

"இந்தா புள்ள. இது கல்லு விழுறது. உனக்குப் பிடிக்காது, தாண்டி ஓட்டு."

"இந்தா புள்ள. இது சாவிக்காரன். சத்தத்த ஏழுல வை. கூவ ஆரம்பிச்சதும் போய் உக்காந்துக்க. அசையாத."

அப்புறம் நகத்துக்குப் பூசுகிற சிவப்பை மாக்சிக்கின் மகளிடம் வாங்கிவந்து, ஏற்றுவதற்கு எந்தெந்தப் பொத்தானை அமுக்க வேண்டுமோ அதில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தார். மூன்று புள்ளி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, அவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஜன்னல் துணியை இழுத்துவிட்டேன். கேசட்டை ஓடவிட்டேன். யாரும் இல்லாத வீட்டில் அவர் குரல் என்னைப் புள்ள என்று கூப்பிட்டது. எனக்குத் தனியாகவே வெட்கமாகப் போய்விட்டது.

அன்றில் இருந்து தினம் ஒரு மணி நேரம். முதலில் முதல் குகையிலேயே செத்துச் செத்துப் போவான். பிறகு கை பழகிவிட்டது. மகள் ஒன்பதாவது குகைக்கு மேல் போனதில்லை. நான் பதினாலு வரைக்கும் போயிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை, பிள்ளை மனசு கஷ்டப்படும். கரண்டை அணைத்தால் எத்தனை குகை போனோம் என்பதெல்லாம் அழிந்துவிடும், ஒரு அடையாளம் இருக்காது. எனக்கு அதுதான் வசதி.

ஒரு நாள் சாயந்திரம் அவர் வந்ததும் அந்தக் கறுப்புப் பலகையின் அடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு எத்தனாவது குகை?"

"எந்தக் குகை?"

"சூடா இருக்கே."

"வெயில்ங்க."

"காலையில இருந்து மழை பேஞ்சுக்கிட்டு இருக்கு புள்ள."

நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "பதினொன்னு" என்றேன்.  அவர் அன்று இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்படி ஒன்றரை வருஷம் இருக்கும். பிறகு அந்த ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையை விடமாட்டோம். சாமி மேடைக்கு முன்னால் பாயை விரித்து, அவருடைய திருப்புளிகள், ஈயம் பற்றவைக்கிற கம்பி, மகளின் புத்தகங்கள், தையல் மெஷின், அப்பாவின் பால் வெட்டுகிற கத்தி எல்லாம் வைப்பேன். சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டால் மறுநாள் வரைக்கும் எதையும் தொடக்கூடாது. அன்று அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மகள் பள்ளியில். தனியாகத்தான் எல்லாம் செய்தேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் டிவி பக்கத்தில் அந்தக் கறுப்புப் பலகை. இதுவும் ஒரு ஆயுதம்தானே, இதை விட்டால் பாவம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் எனக்கென்று ஏதாவது ஆயுதம் இருந்தால் அது அதுதான்.

ஒயரைக் கழற்றி எடுத்துவந்து பாயின் நடுவில் வைத்தேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தாராளமாகக் குழைத்தேன். மேலே மூன்று பட்டை. அப்புறமும் மனசு கேட்கவில்லை. மூன்று பொத்தானுக்கு அவர் பொட்டு வைத்திருக்கிறார், மற்றதெல்லாம் மூளியாக இருக்கிறதே என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. கடைசியில் வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கோயிலில் லாரிக்குத் தெளிக்கிற மாதிரி, நன்றாகவே தெளித்துவிட்டேன். என் கை சிக்கனமான கை. எதிலும் தாராளம் கிடையாது, அன்றைக்கு மட்டும்.

அவர் வேலை முடிந்து வந்து பாயைப் பார்த்தார், கும்பிட்டார், திருநீறு பூசிக்கொண்டார். நடுவில் அது இருந்ததையும் பார்த்தார். தொடக்கூடாத நாள், அவரும் தொடவில்லை.

மறுநாள் அவரும் மகளும் போனபிறகு கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மாட்டினேன். டிவியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வந்தது. அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். அதே பட்டை. கையை வைத்துப் பார்த்தால் சுட்டது, அதில் இருந்து சாமி மேடை வாசம் வந்தது. சூட்டில் சந்தனம் மணக்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தீக்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு பொத்தானின் இடுக்கிலும் விட்டு விட்டுத் துடைத்தேன்.  உள்ளே போனதை எப்படி எடுப்பது? மேலே சுத்தமாக இருந்தது. இருந்த இடத்தில் வைத்து, ஒயரை மாட்டி, நான் தொடாத மாதிரி வைத்துவிட்டேன்.

அன்று அவர் வந்து போட்டுப் பார்த்தார். வரவில்லை. திருப்புளியை எடுத்துக் கவிழ்த்துத் திருகாணியைக் கழற்றினார். நான் அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே கிடந்து அடிக்கிறது, வாய் வரவில்லை. பயற்றங்காய் துவையலுக்கு நறுக்குகிற மாதிரி பொடிப்பொடியாகிவிட்டது. அவர் மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "நீ போய்ப் படி" என்று அவளை அனுப்பிவிட்டார். மறுபடி மூடித் திருகாணியைப் போட்டார்.

"எறும்பு பூந்துருச்சு, புள்ள."

"எறும்பா?"

"ஆமா. உள்ள கூடு கட்டியிருக்கு. இனி ஆகாது."

"எறும்பா அப்பா! அலமாக், எல்லாம் போச்சா?" என்று மகள் அழுதாள். அவர் போய் எறும்புக்குப் போடுகிற மருந்துச் சாக்கட்டி எடுத்துவந்து, மேசைக் காலைச் சுற்றி நாலு பக்கமும் கோடு போட்டார். எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, எறும்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அப்பாடாவைத்தான் இன்றைக்கு வரைக்கும் விழுங்க முடியவில்லை.

ஒரு மாசம் கழித்து, "வேற ஒன்னு கிடைக்குமான்னு பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. அதுல என்ன இருக்கு?" என்றேன். வேறொன்று வந்து அதையும் நான் கெடுத்துவிட்டால்? அந்தப் பயத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பலகை வீட்டை விட்டு, வரிசை வீடுகள் கட்டியிருக்கிற இந்தத் தாமானுக்கு வந்தோம். சிமெண்ட் வீடு. கறுப்புப் பலகையை என் பழைய சேலையில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார். மாசா மாசம் அந்த அலமாரிக் காலைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுவார். "அதான் கெட்டுப்போச்சே, இன்னும் எதுக்குங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "எறும்பு வந்துரும்" என்றார். மகளுக்குப் பெரிய கம்ப்யூட்டரெல்லாம் வந்தது. நான் தூசி தட்டுவதோடு சரி, பொத்தானில் கை வைத்ததில்லை.

மறதி அவருக்கு மெல்லத்தான் வந்தது. முதலில் சாவி, பிறகு வீட்டு நம்பர், பிறகு பேத்தி. நான்தான் கடைசி. போன வருஷம் தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்றார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பழைய சாமான், பழைய பாட்டு எதையாவது காட்டுங்கள், சில பேருக்குக் கொஞ்சம் தெளியும் என்றார். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிங்கப்பூரில்தான் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறு பாலத்து ஜாமில் நின்று வருவாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அவள் அலமாரிக்கு மேல் இருந்து சேலை மூட்டையை இறக்கினாள்.

"அத எடுக்காதம்மா."

"ஏம்மா? போன்ல வீடியோ பாத்தேன். இத ரிப்பேர் பண்ணலாமாம். எறும்புக் கூடுதானே, சுத்தம் பண்ணிட்டாப் போச்சு. அப்பா பாத்தா சந்தோஷப்படுவாரு லா."

நான் என்ன சொல்லித் தடுப்பது? சோபாவில் அவர் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தரையில் உட்கார்ந்து திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.  அப்புறம் விரல் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"எறும்பு எங்கம்மா? இது சந்தனம்."

நான் கிட்டே போனேன். பொத்தானுக்கு அடியில் மஞ்சளாகக் கட்டி கட்டியாகக் காய்ந்திருந்தது. அங்கங்கே குங்குமம் கறுத்துப் போயிருந்தது. எறும்புக் கூடு இல்லை. எறும்பு முட்டை இல்லை. ஒரு செத்த எறும்புகூட இல்லை. மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரே, இதைத்தான் பார்த்திருக்கிறார்.

"அப்பா அன்னிக்கே பாத்திருக்காரு" என்றாள் மகள். "அப்பறம் ஏம்மா எறும்புன்னாரு? அந்தக் கோடெல்லாம் எதுக்குப் போட்டாரு?"

 கை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் நான் அவரை ஏமாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு, பயந்து பயந்து சோறு போட்டிருக்கிறேன். மாசா மாசம் குனிந்து அவர் கோடு போட்டது எனக்காக. வேற ஒன்று பார்க்கட்டுமா என்று அவர் கேட்டதும் எனக்காக. நான் என்ன பதில் சொன்னேன்!

கறுப்புப் பலகையைச் சரிசெய்ய முடியவில்லை. மகள் யாரிடமோ படம் அனுப்பிக் கேட்டாள், உள்ளே எல்லாம் அரித்துவிட்டதாம். கேசட்டுகளும் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிட்டன. இந்த ஊர் ஈரம் எதை விட்டது? விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றே ஒன்றுதான் சுற்றியது. அடுத்த ஞாயிறு அவள் ஒரு சின்னக் கேசட் பெட்டியைத் தேடி வாங்கிவந்தாள். "கம்ப்யூட்டர் இல்லாட்டிப் பரவால்லம்மா, அப்பா குரல் இருக்கும்ல" என்றாள்.

நான் ஒரு முடிவோடு இருந்தேன். அவர் குரலை அவரே கேட்கும்போது ஒரு நிமிஷமாவது தெளியாதா? அந்த நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும். சந்தனம் வைத்தது நான்தான் என்று. பதினாலாவது குகை வரைக்கும் போனேன் என்று. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சொன்னது பொய் என்று.

மகள் கேசட்டை ஓடவிட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இருங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் வந்தது.

"இந்தா புள்ள. இது சாவிக்காரன். சத்தத்த ஏழுல வை."

அவர் தலையைத் தூக்கினார். "யாரு மிஸ்ஸி அது?"

"நீங்கதாங்க."

"சேச்சே. இந்த ஆளு தெளிவாப் பேசுறாரு."

"கூவ ஆரம்பிச்சதும் போய் உக்காந்துக்க. அசையாத" என்றது கேசட். பீ என்று கூவ ஆரம்பித்தது.

அவர் வலது கை மேலே போனது. விரலெல்லாம் சேர்த்து, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. எத்தனை வருஷம் ஆயிற்று அந்தக் கையைப் பார்த்து.

"மிஸ்ஸி, அசையாதீங்க. ஏறுது."

நான் அசையவில்லை. கர்ர்ர் என்று கத்தல் வந்தது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "என் வீட்டுக்காரி வந்துருவா. அதுக்குள்ள ஏத்தி வச்சிரணும். அவளுக்கு இதுதான் பிடிக்கும்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று நினைத்தேன். "ஏங்க, அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. "அது எறும்பாலயா கெட்டுச்சு?" என்று கேட்டுவிட்டேன், ஒரு மிஸ்ஸி கேட்கிற மாதிரியே.

அவர் கையை இறக்காமல் என் பக்கம் குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எறும்பு இல்ல மிஸ்ஸி. அவதான், சாமி கும்பிட்டா. தெரியாம செஞ்சிட்டா. கேட்டா எறும்புன்னுதான் சொல்லணும். அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துக்குவா."

"சொல்லமாட்டேங்க" என்றேன். 

"உஷ்" என்றார். "ஏறுது."

சத்தம் மழுங்கலாக இருந்தது, போர்வைக்குள் இருந்து கத்துகிற மாதிரி. டிவியில் ஒன்றும் இல்லை, மாட்டுவதற்குக் கம்ப்யூட்டரும் இல்லை. இருந்திருந்தாலும் இது ஏறாது என்று எனக்குத் தெரியும். என்னை அவர் கேட்கவில்லை. கத்தல் முடிந்து, டேப் ஓடி ஓடி, டக் என்று நின்றது. அவர் கை இறங்கவில்லை. சிமெண்ட் தரை, யார் நடந்தாலும் ஆடாது. அடுப்படியில் மகள் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. என் கால் மரத்துப்போய்விட்டது. அவர் சொல்லும் வரைக்கும் எழுந்திருக்கக்கூடாது என்று நான் உட்கார்ந்திருந்தேன்.